மனித உருவ ரோபோ: 30,000 ரிங்கிட்டில் எதை வாங்குவது, எதை நாமே கட்டுவது

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து எழுதிக்கொள்கிறேன். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ரோபோ கழகத்தைக் கவனித்துவரும் ஆசிரியர் கேட்கிறார்: முன்னாள் மாணவர்கள் 30,000 ரிங்கிட் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். படிவம் 4, 5 மாணவர்கள் பதினைந்து பேர் கற்பதற்கும், முதுகலைப் பட்டத்திற்காக இருகால் நடை பற்றி ஆய்வு செய்யும் பழைய மாணவி ஒருவர் சோதனை நடத்துவதற்கும் பொதுவாக ஒரு மனித உருவ ரோபோ வேண்டும். விற்பனையாளர் ஒருவர் காட்டிய காணொளியில் நடனமாடிக் கைகுலுக்கும் ரோபோவை அப்படியே வாங்கிவிடலாமா, அல்லது முப்பரிமாண அச்சுப்பொறியில் பாகங்களை அச்சிட்டு நாமே கட்டலாமா?

கட்டுங்கள் என்பதுதான் என் பதில், ஐயா. அரை மீட்டர் உயரமும் மூன்றரை கிலோவுக்கு மேற்படாத எடையும் கொண்டதாக, வரைபடமும் நிரலும் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கட்டுங்கள். பினாங்கில், நிபோங் திபால் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ரோபோக்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நடக்கக் கற்கும் ரோபோ விழத்தான் செய்யும். ஒரு முறை இரு முறை அல்ல, ஒரே பிற்பகலில் பத்து முறைகூட விழும். ஆகவே வாங்கும் நாளில் கொடுக்கும் தொகையை வைத்து மலிவா இல்லையா என்று முடிவு கட்டாதீர்கள். முதல் தடவை விழுந்து உடைந்த பிறகு அது மறுபடி எழுந்து நிற்க எத்தனை ரிங்கிட்டும் எத்தனை நாளும் ஆகும் என்று கேளுங்கள். விற்பனையாளரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

அரை மீட்டர் என்று ஏன் அளவு சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் விலை முழுவதும் அந்த அளவிலிருந்துதான் பிறக்கிறது. மூன்றரை கிலோ எடையுள்ள ஒரு ரோபோ முழங்காலைச் சற்று மடக்கி ஒற்றைக் காலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேலே ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். அந்த எடையின் நேர்கோடு முழங்கால் மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது என்றால், மூட்டிலுள்ள மோட்டார் தாங்க வேண்டிய முறுக்கு விசை 3-ஐ 9.8-ஆல் பெருக்கி, அதை 0.05-ஆல் பெருக்கினால் வருவது, அதாவது கிட்டத்தட்ட 1.5 நியூட்டன் மீட்டர். இப்போது அதே உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக்குங்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றும் இரட்டிப்பதால் எடை எட்டு மடங்காகிறது. நெம்புகோலின் நீளமும் இரட்டிப்பதால் முழங்காலுக்குத் தேவையான விசை பதினாறு மடங்காகி, 24 நியூட்டன் மீட்டரை எட்டுகிறது. உயரம் இரட்டிப்பானதற்கு மோட்டாரின் வலு பதினாறு மடங்காக வேண்டியிருக்கிறது என்பதால்தான் ஆளுயர ரோபோவின் விலை வேறோர் உலகத்தில் நிற்கிறது. இந்தக் கணக்கை உங்கள் படிவம் 4 மாணவர்களைக் கொண்டே கரும்பலகையில் போட வையுங்கள். அவர்களுடைய இயற்பியல் பாடம் அதற்குப் போதும்.

கணக்கில் வந்த அந்த 1.5 நியூட்டன் மீட்டரை இன்னும் சற்று நேரம் கவனிக்க வேண்டும். ரோபோ கட்டிப் பழகும் கல்விப் பெட்டிகளில் நெடுங்காலமாக வரும், கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனத்தின் டைனமிக்சல் ஏ.எக்ஸ்-12ஏ சர்வோ மோட்டாரின் (சொன்ன கோணத்திற்குத் திரும்பி நிற்கும் மோட்டாரின்) உச்ச முறுக்கு விசை 12 வோல்ட்டில் 1.5 நியூட்டன் மீட்டர். எண் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் உச்ச விசை என்பது மோட்டார் சுழல முடியாமல் திணறி நிற்கும் கணத்தில் தரும் விசை. அந்த நிலையில் சில வினாடிகள் வைத்திருந்தாலே சூடேறி, தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். தொடர்ந்து வேலை வாங்க வேண்டுமானால் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் நம்ப வேண்டும். அதே நிறுவனத்தின் எக்ஸ்.எம்.430-டபிள்யூ350 மோட்டார் 12 வோல்ட்டில் 4.1 நியூட்டன் மீட்டர் தரும், அதில் 1.5 என்பது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அதுவும் நடையில் ஒவ்வொரு காலுக்கும் ஓய்வு மாறி மாறிக் கிடைக்கும்போது. காலுக்கு இந்த அளவில் ஒரு மோட்டாரையும், எடை தாங்கத் தேவையில்லாத கைக்கும் தலைக்கும் விலை குறைந்த ஒன்றையும் போடுவதே சிக்கனம்.

மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறொன்றும் புரியும். எக்ஸ்.எம்.430 ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, எடை 82 கிராம். பொம்மைகளில் வரும் சாதாரண சர்வோ நாம் சொல்லும் கோணத்திற்குத் திரும்பும், அவ்வளவுதான். திரும்பிச் சேர்ந்ததா, வழியில் எதன்மீதாவது முட்டி நிற்கிறதா என்று நமக்குத் திருப்பிச் சொல்லாது. இந்த வகை மோட்டாரோ தன் கோணம், வேகம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை நொடிக்கு நூறு முறைக்கு மேலாகக் கணினிக்கு அறிவிக்கும். மூன்று கம்பிகள் கொண்ட ஒரே வடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் இருபது மோட்டாரையும் கணினியின் ஒரே இணைப்பு முனையிலிருந்து அழைக்கலாம். நிற்கும் ரோபோவின் முழங்கால் வெப்பநிலை 40 பாகையிலிருந்து மெல்ல மெல்ல ஏறுவதை ஒரு மாணவி திரையில் பார்த்து, முழங்காலை நேராக்கியதும் ஏற்றம் நின்றுவிடுவதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றால், நாம் நிற்கும்போது ஏன் காலை நேராக வைத்துக்கொள்கிறோம் என்பது அவளுக்கு விளங்கிவிடும். நான் பார்த்த பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இனி, இதுவரை இந்தத் துறையில் எவையெல்லாம் வந்தன என்று பார்ப்போம். கல்விக்கூடங்களில் பரவலாக இடம்பிடித்த முதல் மனித உருவ ரோபோ பிரான்சின் அல்டெபரான் நிறுவனத்தின் நாவோ. உயரம் 58 சென்டிமீட்டர் அளவு, மூட்டுகள் 25. 2008-இல் ரோபோகப் என்னும் ரோபோ காற்பந்துப் போட்டியில், எல்லா அணிகளும் ஒரே வகை ரோபோவோடு ஆடும் பொதுத்தளப் பிரிவு, சோனியின் ஐபோ என்ற நாய்க்குட்டி ரோபோவை விட்டு நாவோவுக்கு மாறியதும் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதை வாங்கின. நம் நாட்டிலும் ஷா ஆலாம் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு நாவோவைப் பழகவிட்டு 2010-களின் தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நேர்த்தியான கருவி. ஆனால் விலை பல ஆயிரம் டாலர், உடலைத் திறந்து பழுது பார்ப்பதோ நம் கையில் இல்லாத காரியம். அந்த நிறுவனம் 2025-இல் நிதி நெருக்கடியில் மூழ்கிக் கைமாறியபோது, உதிரிப்பாகத்திற்கு ஒரே ஊரை நம்பியிருந்த ஆய்வுக்கூடங்களின் கவலை எனக்கு நன்றாகப் புரிந்தது.

வேறொரு வழியை 2010 வாக்கில் திறந்துவைத்தது டார்வின்-ஓ.பி. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஹோங்கின் குழுவும், பர்டியூ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களும், கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அந்த ரோபோ 45 சென்டிமீட்டர் உயரமும் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. ஒரு காலுக்கு 6, ஒரு கைக்கு 3, கழுத்துக்கு 2 என 20 மோட்டார்கள். விலை 12,000 டாலர் அளவில் இருந்ததால் அதை மலிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதன் இயந்திர வரைபடம், மின்சுற்று, நிரல் அத்தனையையும் பொதுவில் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் அது அடித்தளமாயிற்று. அதன் வழித்தோன்றலான ஓ.பி.3 இப்போது நான் சொன்ன எக்ஸ்.எம்.430 மோட்டாரோடு 51 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிறது.

பிரான்சின் போர்டோ நகரில் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த பாப்பி என்ற ரோபோ, எலும்புக்கூட்டையே முப்பரிமாண அச்சில் எடுக்கலாம் என்று காட்டியது. 83 சென்டிமீட்டர் உயரத்திற்கு மூன்றரை கிலோ எடைதான்; தொடை எலும்பை நம் உடலில் உள்ளது போலவே உள்நோக்கிச் சாய்த்து வடிவமைத்தார்கள், அதனால் உடம்பு பக்கவாட்டில் ஆடுவது குறைகிறது. வடிவம் மாறினால் நடை மாறுமா என்பதை ஆராய்வதற்கென்றே எழுந்த ரோபோ என்பதால், உங்கள் மாணவி அவசியம் பார்க்க வேண்டியது அது.

2025-இல் இரண்டு நல்ல வரவுகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாட்லர்பாட் 56 சென்டிமீட்டர், 3.4 கிலோ, 30 மூட்டுகள். மொத்தப் பொருட்செலவு 6,000 டாலருக்குள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹியூமனாய்டு லைட் 5,000 டாலருக்குள். அதில் பல்சக்கரப் பெட்டியையே அச்சிட்டுவிடுகிறார்கள். பின்னது ஏறத்தாழ 16 கிலோ எடை. பதினைந்து பிள்ளைகள் சுற்றி நிற்கும் வகுப்பறையில் 16 கிலோ எடை சாய்வதை நான் விரும்பமாட்டேன், ஆகவே பள்ளிக்கு டாட்லர்பாட் அளவே ஏற்றது. அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே விழவைத்துச் சோதித்தார்கள்: ஏழு முறை விழுந்த பிறகே உடைந்தது, உடைந்த பாகத்தை அச்சிட 21 நிமிடம், மாற்றிப் பூட்ட 14 நிமிடம். ஒரு ரோபோவின் விவரத் தாளில் நான் தேடும் எண்கள் இவையே.

உங்கள் விற்பனையாளர் காட்டிய காணொளி எந்த ரோபோவினுடையது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் ஜி1 என்ற ரோபோவை 2024-இல் 16,000 டாலருக்கும், ஆர்1 என்பதை 2025-இல் 5,900 டாலருக்கும் அறிவித்தது. முன்னது 35 கிலோ, பின்னது 25 கிலோ அளவு. அந்த விலைக்கு அத்தகைய உடற்கட்டு கிடைப்பது பத்தாண்டுகளுக்கு முன் யாரும் எண்ணிப் பார்க்காதது, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஜி1-இன் அடிப்படை வகையில் பயனர் தாமே நிரல் எழுதி மூட்டுகளை இயக்க இடமில்லை; அதற்குக் கல்வி ஆய்வு வகையைத் தனி விலையில் வாங்க வேண்டும். மூட்டுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பலாமா, மூட்டிலிருந்து அளவீடுகளை எடுக்கலாமா, அதற்கான ஆவணம் இப்போதே படிக்கக் கிடைக்குமா என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஆட மட்டும் தெரிந்த ரோபோ விளையாட்டுப் போட்டி நாளில் ஒரு முறை கைதட்டல் வாங்கித் தரும். முதுகலை ஆய்வுக்கு அதில் பயனே இல்லை.

கட்டுவதற்கான செலவைப் பார்ப்போம். ஒரு டாலர் 4.20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்கிறேன். டார்வின் பங்கீட்டின்படி இரண்டு கால்களுக்கு 12 எக்ஸ்.எம்.430, ஒன்று சுமார் 280 டாலர் என்றால் 14,100 ரிங்கிட். கைகளுக்கும் கழுத்துக்கும் விலை குறைந்த எக்ஸ்.எல்.430 மோட்டார் 8, ஒன்று சுமார் 50 டாலர் என்றால் 1,700 ரிங்கிட். இரண்டும் ஒரே கட்டளை மொழியைப் பேசுவதால் ஒரே வடத்தில் கோக்கலாம். ஆய்வுக்குத் தேவையான ஒரு வேறுபாடும் இதில் உண்டு: எக்ஸ்.எம்.430-ஐ மின்னோட்டத்தின் வழியாக, அதாவது இவ்வளவு விசையோடு தள்ளு என்று இயக்க முடியும், எக்ஸ்.எல்.430-இல் அது கிடையாது. ஆகவே காலில் கைவைத்துச் சிக்கனம் பிடிக்காதீர்கள். மூளையாக ராஸ்ப்பெர்ரி பை 5 என்ற சிறு கணினி ஒன்று, சமநிலை அறிய ஓர் உணரி, ஓர் அச்சுப்பொறி, பேட்டரி, திருகாணிகள் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரிங்கிட் ஒதுக்கலாம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் மாற்றாகக் கூடுதல் மோட்டார் மூன்றை முதல் நாளே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். அது 3,500 ரிங்கிட். கூட்டிப் பார்த்தால் 23,300-ஐ ஒட்டி வரும். எஞ்சியதைத் தொடாமல் வைத்திருங்கள், அடுத்த ஆண்டு தேவைப்படும்.

அச்சிடுவதில் நம் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது, அதை நான் செலவு செய்து கற்றேன். எங்கள் முதல் ரோபோவின் கால் பாகங்களை பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டிருந்தோம், அச்சிட எளிது, விறைப்பாகவும் இருக்கும். பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துப்போய், மதிய உணவு நேரத்தில் ரோபோவைக் காரின் பின்னிருக்கையில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தேன். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. மேசையில் நிற்கவைத்தபோது இடப்பக்கமாகச் சரிந்தது. தொடையைப் பிடித்திருந்த தட்டு, ரோபோவின் சொந்த எடையாலேயே நகக்கண் அளவு வளைந்து, அப்படியே இறுகிப்போயிருந்தது. பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 பாகையில் இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். அதற்குப் பிறகு கால் பாகங்களையெல்லாம் 80 பாகை வரை தாங்கும் பி.இ.டி.ஜி. இழையில்தான் அச்சிடுகிறோம். நம் காற்றின் ஈரத்தையும் இழை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஈரமேறிய இழை அச்சுமுனையில் பொரிவது போல் சடசடக்கும், அந்த அச்சு அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் மணிகளோடு போட்டு வையுங்கள்.

உங்கள் மாணவி ரோபோ வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மியூஜோகோ என்னும் இயற்பியல் உருவகப்படுத்தி 2022 முதல் திறந்த மூலமாக இலவசமாகக் கிடைக்கிறது. வெபாட்ஸ் என்ற மற்றோர் உருவகப்படுத்தியும் 2018-இன் இறுதியிலிருந்தே அப்படித்தான். ரோபோவைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான முறை விழவைத்து, நடையைத் தானே கற்கச் செய்து, கற்ற நடையை உண்மையான ரோபோவுக்கு மாற்றுவதே இன்றைய ஆய்வு முறை. இடைவெளி எங்கே வருகிறது என்றால், கணினிக்குள் இருக்கும் மூட்டுக்குத் தளர்வு கிடையாது. நிஜ மோட்டாரின் அச்சைக் கையால் மெல்ல அசைத்தால் பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள சிறு ஆட்டம் விரலில் தட்டுப்படும். ஆறு மூட்டுகளின் ஆட்டமும் சேர்ந்து பாதத்தில் சில மில்லிமீட்டர் ஆகிவிடும். கட்டளை சென்று சேரும் தாமதமும் அதோடு கூடும். இந்தத் தளர்வையும் தாமதத்தையும் அளந்து உருவகத்துக்குள் சேர்ப்பதே ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதுமான பொருள், அதைச் செய்ய ஒரே ஒரு கால் இருந்தாலே போதும்.

அதனால்தான் முழு ரோபோவுக்கும் ஒரே தவணையில் பணம் கட்ட வேண்டாம் என்கிறேன். முதலில் ஆறு மோட்டார் வாங்கி ஒரு காலை மட்டும் கட்டுங்கள். அதைக் கொண்டு மாணவர்கள் மூட்டுக் கோணங்களிலிருந்து பாதம் எங்கே இருக்கும் என்று முக்கோணவியலால் கண்டுபிடிக்கலாம், பாதத்தால் தரையில் நேர்கோடு இழுக்கலாம். அந்தக் கால் சொன்னபடி கேட்கத் தொடங்கிய பிறகு மறுகாலுக்கும் உடலுக்கும் போகலாம். பாதியில் கழகம் சோர்ந்துவிட்டாலும் கையில் பயனுள்ள ஒரு கருவி மிஞ்சும், பாதிப் பணமும் மிஞ்சும்.

தமிழில் பேச வைக்க முடியுமா என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். முடியும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற திறந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியும், எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக்கிலும் தமிழ் இருக்கிறது. பின்னதன் குரல் கரகரப்பாக இருந்தாலும், "வலது கையைத் தூக்கு" என்று ஒரு சிறுமி தமிழில் சொல்லி அந்தக் கை உயரும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்குச் சில மணி நேரம் செலவிடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பேட்டரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியை ஆள் இல்லாத அறையில் சார்ஜ் செய்யக் கூடாது, தீத்தடுப்புப் பைக்கு வெளியிலும் செய்யக் கூடாது, உப்பியதை மறுபடி பயன்படுத்தவே கூடாது. மேசைச் சோதனைகளுக்கு 12 வோல்ட் மின்வழங்கியே போதும். ரோபோ தனியாக நடக்கும் நாளுக்கு மட்டும் பேட்டரியை எடுங்கள்.

பாகங்கள் வந்ததும் பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மோட்டாரையும் தனியாகக் கணினியில் இணைத்து எண் கொடுத்து, அதே எண்ணை வெள்ளை மையால் அதன் மேல் எழுதிவிடுங்கள். எல்லா மோட்டாரும் ஆலையிலிருந்து 1 என்ற எண்ணோடுதான் வரும். எண் மாற்றாமல் இருபதையும் கோத்துவிட்டால் ஒரு கட்டளைக்கு எல்லாம் சேர்ந்து பதில் கொடுத்து, ஒன்றும் வேலை செய்யாது. பிறகு அறையின் கூரைக் கொக்கியிலோ ஓர் இரும்புச் சட்டத்திலோ கயிறு கட்டி, ரோபோவின் தோளோடு இணையுங்கள். நிற்கும்போது கயிறு தொய்வாகவும், விழும்போது முழங்கால் தரையில் மோதுவதற்கு இரண்டு விரற்கடை முன்பு இறுகுவதாகவும் நீளம் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் அந்தக் கயிற்றை யாரும் அவிழ்க்க விடாதீர்கள்.